கரி மூசையில் வைத்த பொட்டு

வலது கை லேத்தின் சிறு சக்கரத்தை மயிரிழை அளவு திருப்பியது. இடது கை தூசி உறிஞ்சும் குழாயை வெட்டுமுனைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தது. பத்து விரல் நுனியிலும் மெல்லிய ரப்பர் உறை. சுழன்ற கரித்துண்டிலிருந்து கறுப்பு மாவு புகையாக எழுந்து, எழுந்த வேகத்திலேயே குழாய்க்குள் போனது. எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. இரும்பு என்றால் எண்ணெய் ஊற்றிக் கடையலாம். இந்தக் கரி எண்ணெயைக் குடித்துவிடும். குடித்ததை லேசில் திருப்பித் தராது. சக்கரம் நின்றது. மைக்ரோமீட்டர் வந்து மூசையின் சுவரைக் கவ்விப் பார்த்தது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு அதிகம். கை மறுபடியும் ஒரு மயிரிழை திருப்பியது.

ஆறாவது மூசை முடிந்தது.

மூசை என்றால் கோயமுத்தூரில் தெரியாதவர் இல்லை. பெரிய கடைவீதிப் பக்கம் எந்த நகைப் பட்டறைக்குள் நுழைந்தாலும் தங்கம் உருக்குகிற மூசைக் கிண்ணம் அடுப்பில் உட்கார்ந்திருக்கும். இந்த ஆறும் வேறு ஜாதி. உயரம் டீ கிளாஸில் பாதி. பெங்களூரிலிருந்து சென்னகிருஷ்ணன் என்ற அதிகாரி கொண்டுவந்து கொடுத்த ஒரே வெளிநாட்டு கிராஃபைட் கரிக்கட்டியில் கடைந்தவை. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் காற்றே இல்லாத கலத்துக்குள் இந்த மூசையை வைத்து, இதில் தங்கத்தைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தங்கம் ஆவியாக மேலே போய் ஒரு பெரிய கண்ணாடியில் படியும். தலைமுடியை நானூறு, ஐந்நூறு ஏடாகச் சீவினால் ஓர் ஏடு எவ்வளவோ அவ்வளவுதான் பூச்சின் கனம். அந்தத் தங்கத்தில் லட்சத்துக்கு ஒரு பங்குகூடக் கலப்பு இருக்காது. ஆனால் மூசைக்குள் எது ஒளிந்திருந்தாலும் தங்கத்தோடு அதுவும் மேலே ஏறிவிடும். பூச்சு அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துச் செதில் செதிலாக உரியும்.

கடைந்தவர் பெயர் ஜபருல்லா. வயது நாற்பத்தாறு, வீடு கோட்டைமேட்டில். ஊரின் கணபதிப் பகுதியில் இருந்த அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவர் பாய். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவருடைய அத்தா தெருத்தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாமல் சொட்டை விழும், பாத்திரத்துக்காரி சண்டைக்கு வருவாள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்று ஒன்று உண்டென்பது ஜபருல்லாவுக்கு அந்த வயதிலேயே தெரியும். வேலைக்கு வந்த பிறகு மற்றதையெல்லாம் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டார்.

அவராகக் கண்டுபிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. மூசைகளை வேக்குவம் அடுப்பில் சுடும்போது ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே ஒரு கண்ணாடிச் சில்லைத் தொங்கவிடுவார். கரிக்குள் இருந்து ஏதாவது வெளியே வந்தால் சில்லில் மூச்சுவிட்டதுபோல் மங்கல் படியும். சில்லு தெளிவாக இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்கு ஆறு சில்லும் தெளிவாக இருந்தன. மூசைகளைத் தட்டில் அடுக்கி, மேலே பெரிய கண்ணாடிக் கவிப்பு ஒன்றைக் கவிழ்த்தார்.

பக்கத்து லேத்தில் இருந்த கதிரேசன் எட்டிப் பார்த்தான். "பாய் மூசைக்கெல்லாம் முக்காடு போட்டுப்போட்டாருங்கோ!"

பட்டறை சிரித்தது. ஜபருல்லாவும் சிரித்தார். கதிரேசன் அஞ்சு வருஷமாக இப்படித்தான் பேசுகிறான். ஆனால் இது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். போன டிசம்பரில் வடக்கே மசூதியை இடித்ததற்குப் பிறகு, எந்தச் சிரிப்பையும் ஒரு நொடி நிறுத்தி எடை பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது. பட்டறையின் பதினாலு பேரில் அவர் ஒருத்தர்தான் பாய்.

மறுநாள் ஆயுத பூஜை. பிறகு ஞாயிறு. மூசைகள் இருந்த அலமாரியைப் பூட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பூஜை அன்றைக்கு அலமாரியைப் பூட்டி வைத்தால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று தோன்றியது. பூட்டாமல் போனார்.

திங்கட்கிழமை வாசலில் வாழைக்கன்று வாடிக் கிடந்தது. லேத்தின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். மைக்ரோமீட்டர் பெட்டிக்கும் ஒரு பொட்டு. வருஷா வருஷம் பார்ப்பதுதான். அவரே ஈரத்துணியால் லேத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

சின்னாத்தாள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். மூசைகளைக் கழுவிக் கட்டுகிறவள் அவள்தான். அன்னூர்ப் பக்கத்துக்காரி, கடலைக்காட்டில் களையெடுத்த கை, இப்போது கண்ணாடிச் சில்லைக் கீறல் விழாமல் கழுவும்.

"ஏனுங்க பாய், பொரி எடுத்து வெச்சிருந்தனுங்க. ஊட்டுக்குக் கொண்டு போங்க."

"சரிங்க அம்மணி."

"அப்பறம், உங்க சாமானத்தையும் உட்டுப்போடலீங்க. எல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சாங்க, உங்களுது மட்டும் வெறும் நெத்தியா நின்னுச்சு. மனசு கேக்கல. மூடியத் தூக்கி ஆறுக்கும் நானே வெச்சுப்போட்டேன்." அவள் முகம் நிறையச் சிரிப்பு. "வெறுங்கையில தொடுவனுங்களா? நீங்க சொன்னாப்பலயே வெரலுக்கு ஒற மாட்டிக்கிட்டுத்தான் வெச்சனுங்க."

ஜபருல்லா கவிப்பைத் தூக்கினார். ஆறு கறுப்பு மூசைகள். விளிம்புக்குக் கீழே ஒவ்வொன்றிலும் சந்தனம் வட்டமாக, அதன் நடுவில் குங்குமம். கோணல் இல்லை, வழிசல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட ஆறு பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. இரண்டு நாள் ஆகியிருந்தது. சந்தனத்தின் ஈரம் கரிக்குள் இறங்கி, பொட்டைச் சுற்றி ஒரு வளையம் காய்ந்திருந்தது.

தூக்கிய கவிப்பைக் கீழே வைக்க மறந்தார்.

"எப்படிங்க பாய், லட்சணமா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அவள் போன பிறகு கணக்குப் போட்டார். சந்தனம் மரம்தான்; சுட்டால் அதுவும் கரியாகிவிடும். மஞ்சளும் அப்படியே. ஆனால் குங்குமத்தைச் சிவப்பாக்குவதற்குச் சுண்ணாம்பு கலக்கிறார்கள். சுண்ணாம்பு கரியாகாது. வெளிப்பக்கத்தைச் சீவி எடுக்கவும் முடியாது. ஆய்வுக்கூடக் கலத்தில் மூசை உட்காருகிற செம்புக் குழியில் அது இறுக்கமாகப் பொருந்த வேண்டும். ஒரு பட்டை எடுத்தால் தளர்ந்துவிடும். புதிதாகக் கடையக் கரிக்கட்டி இல்லை. வெள்ளிக்கிழமை சென்னகிருஷ்ணன் வருகிறார்.

மூசைகளைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கொதிக்க வைத்தார். மஞ்சள் போயிற்று. சிவப்பு போயிற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் உக்கடத்தில் பஸ் இறங்கி நடக்கும்போது மைத்துனர் ஷேக் பரீத் சேர்ந்துகொண்டார். செருப்புக் கடை வைத்திருப்பவர். ஊரில் எங்கே என்ன பேச்சு என்பது அவருக்கு உடனே வந்துவிடும். ஜபருல்லா விஷயத்தைச் சொன்னதும் அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"மச்சான், நீங்க என்ன சொல்லப் போறீங்க? 'பொட்டு வெச்சதுல சாமான் கெட்டுப் போச்சு'ன்னா? அந்தப் பேச்சு பட்டறை வாசலத் தாண்டும்போது எப்படி ஆகும் தெரியுமா? 'பொட்டு வெச்சா கெட்டுப் போயிரும்னு பாய் சொல்றான்.' அவ்வளவுதான். அப்புறம் நீங்க சுண்ணாம்புன்னு சொன்னா யாரு கேப்பா?"

"மூசை கெட்டுப் போனது நெசம்தானே?"

"கழுவிட்டீங்கல்ல? கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"அப்ப வாயத் தொறக்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு பெங்களூருல உரிஞ்சா இங்க யாருக்குத் தெரியப் போவுது?"

வீட்டில் மனைவி பாத்திமுத்து பொரியைத் தட்டில் கொட்டினாள். நடுவில் ஒரு துண்டு வெல்லம். ஜபருல்லா ஒரு கை அள்ளி, வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தார்.

"என்னங்க, முகம் சரியில்லையே?"

"ஒண்ணுமில்ல."

நாற்பத்தாறு வயதில் அவர் எத்தனை முறை இந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு முறைக்கு மட்டும் கணக்கு உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பித்தளை வார்ப்படப் பட்டறையில் இருந்தார். ஒரு மழைநாள் காலையில் பெரிய மூசை ஒன்று ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்றது. ஈரம் குடித்த மூசையைக் கொதிக்கும் பித்தளைக்குக் காட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஃபோர்மேன் பொல்லாதவர், முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் அவரை ஏசியிருந்தார். "எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்டபோது ஜபருல்லா, "ஒண்ணுமில்லீங்க, சரியாத்தான் இருக்குது" என்றார். மூசைக்குள் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடித்தது. பக்கத்தில் நின்ற ஐயாசாமிக்கு இடது கண் போயிற்று. ஐயாசாமிக்கு இன்றுவரை காரணம் தெரியாது. வழியில் பார்த்தால், இருக்கிற கண்ணால் சிரித்து, "சவுக்கியமா ஜபரு?" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குப் பயந்துதான் ஜபருல்லா சிங்காநல்லூர் வழியாகப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மூசையையும் அடுப்பில் ஏற்றினார். கடைசிச் சூடு அவர் வழக்கமாகக் கொடுப்பதுதான் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மேலே கழுவின சில்லு. பம்ப் இரைந்து இரைந்து காற்றை உறிஞ்சியது. ஆயிரத்து நானூறு டிகிரி. பார்வைத் துளை வழியாக மூசைகள் ஆரஞ்சுச் சுளை நிறத்தில் ஒளிர்ந்தன. அவர் தறி நாடா மாதிரி அடுப்புக்கும் மேசைக்கும் இடையே நடந்தார்.

மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்த நேரத்தில், அவர் கலத்தைத் திறந்தார். முதல் சில்லை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

நடுவில் பால் சிந்தியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டாவதிலும் அப்படியே. ஆறிலும்.

இனி "கண்ணுக்குத் தெரியவில்லை" என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்பச் சுட்டால் சுண்ணாம்பு மொத்தமும் ஏறிப் போய்விடலாம். ஒரு சூட்டுக்கு அரை நாள். வெள்ளிக்குள் நாலு சூடு கொடுக்கலாம். ஆனால் புதனும் வியாழனும் அடுப்பு கதிரேசன் கடைந்த மோட்டார் புஷ்களுக்கு என்று பேசியாகிவிட்டது. முதலாளி சொல்லாமல் அடுப்பு கிடைக்காது. காரணம் சொல்லாமல் முதலாளி சொல்ல மாட்டார்.

சில்லுகளைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை முதலாளி அறை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினார். ஒரு தடவை கதிரேசன் பார்த்துவிட்டு, "என்னங்க பாய், பொண்ணு கேக்கப் போறாப்பல தயங்கறீங்க?" என்றான். அவர் தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னார்.

புதன் காலை. முதலாளி லட்சுமணசாமி அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்தி உள்ளே வந்தார். பட்டறை முழுக்க இருந்தது. சின்னாத்தாள் தொட்டியில் கை நனைத்திருந்தாள், கதிரேசன் லேத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அறைக்குள் தனியாகப் போய்ச் சொல்ல நினைத்த ஜபருல்லாவுக்கு, அந்த இருபது அடி நடப்பதற்குள் மறுபடியும் "ஒண்ணுமில்லீங்க" என்று வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அங்கேயே நிறுத்தினார்.

"மொதலாளிங்க."

"என்னங்க பாய்? மூஞ்சி கரியாட்டம் இருக்குது?" லட்சுமணசாமி சிரித்தார். "அட, அது எப்பவும் இருக்கறதுதானே!"

ஜபருல்லா சில்லுகளை நீட்டினார். "ஆறு மூசையும் அழுக்காயிருச்சுங்க. நாலு சூடு குடுத்தா மீளலாம். அடுப்பு வேணுமுங்க."

லட்சுமணசாமியின் சிரிப்பு போய்விட்டது. "வெள்ளிக்கெழம அவர் வாராரு. அந்தக் கட்டி இனி கெடைக்காதுன்னு தெரியுமில்ல? எப்படி அழுக்காச்சு?"

"நான் அலமாரியப் பூட்டாமப் போனதுதானுங்க."

"பூட்டாட்டி? எலி நக்கிச்சா? எப்படின்னு கேக்கறேன்."

லேத்து நின்றது. கதிரேசன்தான் நிறுத்தினான். சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்று.

"குங்குமத்துல சுண்ணாம்பு இருக்குதுங்க" என்றார், தரையைப் பார்த்து.

பிறகு தொட்டிப் பக்கமிருந்து ஈரக்கையோடு சின்னாத்தாள் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான்தானுங்க வெச்சேன். பாய் மேல ஒண்ணுமில்லீங்க." முதலாளியிடம் சொல்லிவிட்டு ஜபருல்லா பக்கம் திரும்பினாள். "திங்கக்கெழமயே தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"லட்சணமா இருக்குதான்னு கேட்டதுக்கு நல்லா இருக்குதுன்னீங்க! ரெண்டு நாளா என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? கழுவோணுமின்னா நான் கழுவமாட்டனா? என்னத்துக்குப் பயந்தீங்க?" ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "எனக்கா பயந்தீங்க?"

உனக்கில்லை என்றால், வேறு யாருக்கு என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் யார் என்று அவருக்கே தெரியாது. அப்படி ஓர் ஆள் இந்தப் பட்டறைக்குள் இல்லாமலும் இருக்கலாம்.

லட்சுமணசாமி சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இனிமே அடுப்புக்குப் போற எதுக்கும், போய் வந்த எதுக்கும் பொட்டு கெடையாது. மிசினுக்கு மட்டும்" என்றார் பொதுவாக. பிறகு, "கதிரேசா, புஷ்ஷு என்ன பண்றது?"

கதிரேசன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அது சனிக்கெழம வேகட்டுமுங்க" என்று லேத்தைக் கிளப்பினான். கோபத்தில் சொன்னானா, விட்டுக்கொடுத்துச் சொன்னானா என்று ஜபருல்லாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அன்றும் மறுநாளும் அவன் ஒரு கேலிகூடப் பேசவில்லை. முக்காடு என்றாவது சொல்ல மாட்டானா என்று இருந்தது.

நாலு சூடு. ஒவ்வொரு சூட்டுக்கும் சின்னாத்தாள் புதுச் சில்லுகளைக் கழுவிக் கொடுத்தாள், பேசவில்லை. வைர ஊசியால் அவர் ஒவ்வொரு சில்லிலும் மூசை எண்ணையும் சூட்டு எண்ணையும் கீறினார். பால்திட்டு, சூட்டுக்குச் சூடு, மூச்சுமங்கலாகி, பிறகு நூலிழை வளையமாகித் தேய்ந்தது. வியாழன் சாயங்காலம் கடைசிச் சில்லுகளை இரண்டு பேருமாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்கள்.

ஐந்து தெளிவு. முதல் மூசையின் சில்லில் மட்டும் வளையம் இன்னும் இருந்தது.

"இதுலதானுங்க மொதல்ல வெச்சேன்" என்றாள் அவள், புதன் காலைக்குப் பிறகு முதல் முறையாக. "கை நெறைய எடுத்துப்போட்டேன்."

ஜபருல்லா அந்த மூசையைத் தட்டிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சென்னகிருஷ்ணன் வந்தார். நெற்றியில் மெல்லிய குங்குமக் கோடு. ஜபருல்லா அதைக் கவனித்தார். மரப்பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். அலுமினியத் தாளில் சுற்றின ஐந்து மூசைகள், ஆறாவது குழி காலி. பக்கத்தில் வரிசையாக முப்பது சில்லுகள்.

"ஆறு அல்லவா சொல்லியிருந்தேன்?" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

லட்சுமணசாமி முந்திக்கொண்டார். "அது ஒரு சின்ன சிக்கலுங்க சார், நம்மகிட்டத்தான்..."

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுங்க" என்றார் ஜபருல்லா.

குரல் தான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எல்லாத்துக்கும் வைக்கறாப்பல இதுக்கும் வெச்சாங்க. கரி சுண்ணாம்பக் குடிச்சிருச்சுங்க. அஞ்சு சூட்டுல அஞ்சு மூசை கக்கிருச்சு. ஒண்ணு கக்கலீங்க. அத நான் தர மாட்டேன். எந்தச் சூட்டுல எவ்வளவு வந்துச்சுன்னு சில்லுல இருக்குதுங்க, நீங்களே பாருங்க."

சென்னகிருஷ்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் சில்லை எடுத்தார். ஓரத்தைப் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். முப்பதையும் பார்த்தார்.

"இந்தச் சில்லுகளும் எனக்கு வேணும்" என்றார் சென்னகிருஷ்ணன் கடைசியில். "எல்லாமே. மங்கலானதும்."

"எடுத்துக்குங்க."

அவர் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து, விரல் விரலாக மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

ஜபருல்லா பெட்டியைத் தூக்கினார். தாளுக்குள் ஐந்து மூசைகளும் மெல்ல முணுமுணுத்தன. வெள்ளை உறைக்குள் இருந்த கைகள் பெட்டியின் அடியைப் பிடித்து, கனத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான், ரப்பர் உறைக்குள் இருந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.